கணுக்காலுக்குப் பின்னால் ஒரு நரம்பு

அந்த வலி முதன்முதலில் வந்தபோது செருப்புக்குள் கல் புகுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கழற்றி உதறினேன். ஒன்றும் விழவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டு நாலு அடி வைத்தால் அதே இடத்தில் குத்தியது. வலது பாதத்தின் முன்பக்கம், மூன்றாம் விரலும் நான்காம் விரலும் பிரிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்குப் போய்ச் சேருவதற்குள் பல முறை நின்று உதறியிருப்பேன். என்னைப் போல இன்னும் யாராவது இல்லாத கல்லை உதறிக்கொண்டிருக்கலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

செருப்பைக் குறை சொல்ல முடியாது. செருப்பு விற்பதுதான் என் வேலை. கமர்ஷியல் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அஜீஸ் பாயின் கடை. வாடிக்கையாளர் மெத்தை வைத்த பெஞ்சில் உட்காருவார். நான் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாதத்தை அளவுப் பலகையில் வைத்துப் பார்த்து, பெட்டி பெட்டியாகத் திறந்து மாட்டிவிடுவேன். அப்படி உட்காரும்போது குதிகால் தரையில் படாது. உடம்பின் பாரம் முழுவதும் விரல்களின் அடியில் நிற்கும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே எனக்கு அதுதான் உட்காரும் முறை.

தொண்ணூறுகளின் கடைசி அது. மழைக்காலம் முடிவதற்குள் குத்தல் போய் ஷாக் வர ஆரம்பித்தது. சுவிட்ச் போர்டில் ஈரக் கை பட்டால் எப்படி இருக்குமோ அப்படி, பாதத்தின் அடியிலிருந்து இரண்டு விரல் நுனிக்கும் பாய்ந்து போகும். ஒரு நாள் ஒரு அம்மாவின் காலில் வார் மாட்டிக்கொண்டிருக்கும்போது அது வந்தது. என்னை அறியாமல் அவர் காலை இறுக்கிப் பிடித்துவிட்டேன். அந்த அம்மா அலறிவிட்டார்.

என் மனைவி மல்லிகா எங்கள் ஒக்கலிபுரத்திலேயே ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா. அன்று சாயந்திரம் நான் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்து வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஊரார் காலையெல்லாம் பாத்துக்கினு இருங்க. உங்க காலை யார் பாக்கறது? நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறீங்க. அவ்ளோதான்."

கண்டோன்மென்ட் பக்கம் இருந்த ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பு டாக்டர் ஒரு கையால் என் பாதத்தைப் பக்கவாட்டில் சேர்த்து அமுக்கினார். இன்னொரு கையின் கட்டைவிரலால் அடியிலிருந்து மேலே தள்ளினார். உள்ளே ஏதோ 'டக்' என்று நகர்ந்தது. ஷாக் தலை வரைக்கும் போனது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு சீட்டில் எழுதினார்: நியூரோமா.

"கட்டியா டாக்டர்?" என்றேன்.

"நீ நினைக்கற கட்டி இல்லப்பா. நரம்பைச் சுத்தி இருக்கற உறை தடிச்சுப்போறது. கையில காய்ப்பு காய்க்குதே, அது மாதிரி. ரெண்டு எலும்புக்கு நடுவுல அந்த நரம்பு நசுங்கிக்கிட்டே இருக்கு. நீ உக்கார்ற உக்காருக்கு வராம இருந்தாதான் ஆச்சரியம்."

ஊசி போடலாம், அதற்கும் கேட்காவிட்டால் நரம்பை வெட்டி எடுக்கலாம் என்றார். வெட்டினால் அந்த இரண்டு விரலுக்கும் நடுவில் காலம் முழுக்க மரத்துப் போயிருக்குமாம். அதற்கு முன்னால் பிசியோதெரபி செய்து பார்க்கச் சொல்லி அனுப்பினார்.

பிசியோதெரபி என்றால் மின்சாரப் பெட்டியும் ஒயரும் என்று நினைத்திருந்தேன். அந்த அறையில் அவையும் இருந்தன. ஒரு மூலையில் மெழுகு உருகும் வாசனை. பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர் இரண்டு கம்பிக்கு நடுவே நடந்து பழகிக்கொண்டிருந்தார். எனக்கென்று வந்தவர் சுமித்ரா மேடம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கன்னடக்காரர். நோயாளிகளிடம் பேசிப் பேசிக் கற்றுக்கொண்ட தமிழ். அவர் எந்தப் பெட்டியையும் தொடவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து என் காலைத் தூக்கித் தன் மடியில் விரித்த துண்டின் மேல் வைத்துக்கொண்டார்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் காலைப் பிடித்திருப்பேன். என் காலை இப்படி யாரும் மடியில் வைத்துப் பார்த்ததில்லை.

"நோடி, பாருங்க குணசீலன், இந்த அஞ்சு எலும்பு இருக்குதல்லா, ஜன்னல் கம்பி மாதிரி. நடுவுல ஒயர் போகுது, அதுதான் நரம்பு. உங்க கம்பி எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கு. நான் ஸ்வல்ப ஸ்வல்பமா பிரிக்கறேன். நோவு ஆனா சொல்லுங்க, பல்லைக் கடிக்கவேணாம்."

இரண்டு கைக் கட்டைவிரல்களாலும் பக்கத்துப் பக்கத்து எலும்பைப் பிடித்து, ஒன்றை மேலே ஒன்றைக் கீழே என்று மெல்ல அசைப்பார். பிறகு விரல் ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இழுத்துப் பிடிப்பார். அடிப்பாதத்தின் தசையைக் கட்டைவிரலால் உருட்டிக்கொண்டே போவார். கடைசியில் முட்டியை நீட்டி, பாதத்தை என் பக்கம் மடக்கி விடுவார். அது நரம்பை அதன் உறைக்குள் முன்னும் பின்னும் வழுக்கவிடும் பயிற்சியாம்.

முதல் சில வாரங்கள் நன்றாகவே போயின. ஷாக் குறைந்தது. அகலமான செருப்புக்கு மாறினேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் பாயில் குப்புறப் படுத்தால் என் மகள் யசோ சுவரைப் பிடித்துக்கொண்டு என் கெண்டைக்காலின் மேல் ஏறி நடப்பாள். ஐந்து வயது. "நல்லா கீதா நைனா, நல்லா கீதா" என்று கேட்டுக்கொண்டே நடப்பாள். நன்றாகத்தான் இருந்தது. குணமாகிவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு வலியின் குணம் மாறியது. ஒரு இடத்தில் குத்தியது போய் பாதம் முழுக்க எரிந்தது, மிளகாய் அரைத்த கையைக் கழுவாமல் விட்டால் எரியுமே அப்படி. மேடம் இழுத்துவிட்ட நாட்களில் எரிச்சல் கூடியது. அவர் அமுக்கத்தைக் குறைத்துப் பார்த்தார், முறையை மாற்றிப் பார்த்தார். அவர் நெற்றியில் ஒரு கோடு விழ ஆரம்பித்திருந்தது.

ஒரு சனிக்கிழமை சிவாஜிநகர் மார்க்கெட் கூட்டத்தில் நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பூக்காரம்மா கத்தினார்.

"ஏ அண்ணா, செருப்பை வுட்டுட்டுப் போறியே!"

வேறு யாரையோ என்று நினைத்து நடந்தேன். மறுபடி கத்தினார். திரும்பிப் பார்த்தேன். பத்தடிக்குப் பின்னால், சேற்றில், என் வலது செருப்பு கிடந்தது. குனிந்து என் காலைப் பார்த்தேன். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றுகொண்டிருந்தேன். அது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை சிகிச்சைக்குப் போனபோது இதை ஒரு வேடிக்கை மாதிரி சொன்னேன். "செருப்புக் கடைக்காரனே செருப்பைத் தொலைச்சுட்டேன் மேடம்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கால் விரலைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

"கண்ணை மூடுங்க" என்றார். "நான் எங்கே தொடறேனோ அங்கே விரல் வச்சு காட்டுங்க."

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். இடது காலில் தொட்டார், காட்டினேன். வலது முழங்காலில் தொட்டார், காட்டினேன். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. "தொடுங்க மேடம்" என்றேன். பதில் இல்லை. கண்ணைத் திறந்தேன். அவர் பேனாவின் முனை என் வலது பாதத்தின் அடியில், சுண்டுவிரலுக்குக் கீழே, அழுந்தி நின்றுகொண்டிருந்தது.

அதன் பிறகு அவர் வேகமாக எதுவும் செய்யவில்லை. உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்துத் தேடினார். அங்கே ஏதோ கயிறு மாதிரி உருண்டது. அவர் லேசாகத்தான் தொட்டார். எனக்கு உயிர் போனது. இடது காலில் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்தார். அங்கே அப்படி ஒன்றும் இல்லை. பேன்ட்டை முட்டிவரை சுருட்டச் சொன்னார். கெண்டைக்காலின் வெளிப்பக்கம், உள்ளங்கை அகலத்தில் தோல் கொஞ்சம் வெளுத்து, வறண்டு, மயிர் உதிர்ந்து கிடந்தது.

"இது எவ்ளோ நாளா?"

"தேமல்தானே மேடம். போன வருஷத்திலேருந்து கீது. அரிப்பு கூட இல்ல."

அரிப்பு இல்லை என்று சொன்னதும் அவர் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்தார். தொட்டிக்குப் போய்க் கை கழுவினார். ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் கழுவுகிறவர்தான். ஆனால் அன்று அவர் சோப்புப் போட்டுத் தேய்க்கும் சத்தம் எனக்கு மட்டும் தனியாகக் கேட்டது.

"இன்னிக்கு இழுக்கவேணாம். இனிமே நான் சொல்றவரைக்கும் யாரும் இந்தக் காலை இழுக்கவேணாம், உருவவேணாம். மேல தோல் டிபார்ட்மென்ட் இருக்கு. இப்பவே போங்க."

"இன்னா மேடம் அது?"

"டாக்டர் சொல்லணும். நான் சொல்லக்கூடாது." கதவு வரைக்கும் வந்தவர், மெதுவாகச் சொன்னார்: "நான் முதல் நாளே கணுக்காலைப் பார்த்திருக்கணும். விரலை மட்டுமே பார்த்துவிட்டேன்."

தோல் பிரிவுக்கு வெளியே நீளமான பெஞ்ச். எதிர்ச் சுவரில் ஒரு போர்டு. அதில் ஒரு முதுகு வரைந்திருந்தது. முதுகில் ஒரு வெளுத்த வட்டம். கீழே கன்னடத்தில் பெரிய எழுத்து. எனக்குக் கன்னடம் பேச வருகிற அளவு படிக்க வராது. எழுத்துக் கூட்டினேன். கு. ஷ்ட. அதற்கு மேல் படிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடமிருந்து என் உடம்பு தானாகவே ஒரு சாண் விலகியது.

ரயில்வே மேம்பாலப் படியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். துணி சுற்றிய கை, தகர டப்பா. காசு போட வேண்டுமென்றால் தூரத்திலிருந்து டப்பாவுக்குக் குறிபார்த்துப் போடுவோம். டப்பாவில் விழாமல் உருண்டால் யாரும் எடுத்துக் கொடுத்ததில்லை. அந்தப் படிகளில் எனக்கான இடம் எது என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

தோல் டாக்டர் வயதான அம்மா. நன்றாகத் தமிழ் பேசினார். காது மடலில் சின்னதாகக் கீறி ஈரத்தை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவினார். கெண்டைக்காலிலிருந்து அரிசியளவு தோல் வெட்டி எடுத்தார். வெட்டியது வலிக்கவில்லை. மரப்பு ஊசி போட்டதால் என்று முதலில் நினைத்தேன். ஊசியே வலிக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

முடிவு வரும்வரை வீட்டில் வாயைத் திறக்கவில்லை. யசோ காலில் ஏற வந்தாள். "வேணாம்" என்று கத்திவிட்டேன். குழந்தை சுவரைப் பிடித்த கையோடு நின்றது. எனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய் எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டேன். மல்லிகா பார்த்தாள். கேட்கவில்லை. சளி என்று நினைத்திருப்பாள்.

முடிவு சொல்லும் நாளில் டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"தொழுநோய். ஆரம்பம். இது ஒரு கிருமி, நரம்புக்குள்ள போய் உக்காந்துக்கற கிருமி. பெரும்பாலானவங்க உடம்பு அதைத் தானாவே விரட்டிடும். உங்க உடம்பால முடியல, அவ்வளவுதான். பாவம், சாபம், அதெல்லாம் இங்க பேசக்கூடாது."

"தொட்டா ஒட்டிக்குமா?"

"தொட்டா ஒட்டாது. உங்க வகை இன்னொருத்தருக்குப் பரவறதே அபூர்வம். முதல் மாத்திரை உள்ள போனா அந்தப் பயமும் இல்ல. ஆறு மாசம் மாத்திரை. இலவசம். கிருமி சாகும், அதுக்கு நான் பொறுப்பு." அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "என் கவலை நரம்பு. கணுக்காலுக்குப் பின்னால அது வீங்கி நெருக்கப்பட்டுக் கிடக்கு. உங்க விரல் வலி அங்கேருந்துதான் கிளம்பியிருக்கு. வீக்கம் வத்தறதுக்குள்ள நரம்பு செத்துட்டா பாதம் மரத்தே போயிடும். மரத்த கால்ல ஆணி குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. புண் ஆகும், சீழ் வைக்கும். விரலைக் கொண்டுபோறது கிருமி இல்ல, அந்தத் தெரியாமைதான்."

எலும்பு டாக்டர் சொன்னது தப்பா என்று கேட்டேன். அது ஆரம்பத்தில் யாருக்கும் அப்படித்தான் தெரியும் என்றார். பிறகு, வீட்டில் இருக்கிற எல்லோரையும் கூட்டி வா என்றார்.

மல்லிகாவிடம் சமையல் மேடைக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்தாள். வெளியே விளையாடிக்கொண்டிருந்த யசோவைக் கூப்பிட்டு உள்ளே கொண்டுவந்து கதவைத் தாழிட்டாள். பல்புக்கு நேர் கீழே நிறுத்திக் கவுனைக் கழற்றினாள். முதுகு, அக்குள், தொடை, காதுக்குப் பின்னால் என்று ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்த்தாள். "குளிக்கணுமாம்மா?" என்று குழந்தை கேட்டது. மல்லிகாவின் கை இடது தோளுக்குக் கீழே நின்றது. அங்கே ஒரு ரூபாய்க் காசளவு தோல் வெளுத்திருந்தது.

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "என் ஸ்கூல்ல முப்பது குழந்தைக்கு மேல கீதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்த இரவைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. விடிந்தது.

காலையில் மூன்று பேரும் போனோம். டாக்டரம்மா மல்லிகாவைப் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். யசோவை மேசை மேல் உட்காரவைத்தார். நைலான் நூல் மாதிரி ஒன்றை எடுத்தார். ஐந்து வயதுக் குழந்தையிடம் கண்ணை மூடிக் காட்டு என்றால் நடக்குமா? யசோ ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டரம்மா பொறுமையாக அவளைத் திருப்பி உட்காரவைத்து, ஏதோ கதை கேட்டுக்கொண்டே, நூலின் நுனியால் அந்த வெளுத்த இடத்தை மெல்லத் தொட்டார்.

யசோ தோளைக் குலுக்கினாள். மறுபடி தொட்டார். "கூசுது!" என்று கீச்சுக்குரலில் சிரித்தாள். மறுபடி. "ஐயோ கூசுது, கூசுது!"

"இது வெறும் சத்துக் குறைவு. கீரை குடுங்க" என்றார் டாக்டரம்மா. மல்லிகா சுவரோரமாக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

மாதத்தில் ஒரு நாள் டாக்டருக்கு எதிரிலேயே பெரிய மாத்திரையை விழுங்க வேண்டும். அன்று மூத்திரம் சிவப்பாகப் போகும். முன்கூட்டியே சொல்லியிருந்தும் முதல் தடவை பயந்துவிட்டேன். மற்ற நாட்களில் அட்டையிலிருக்கும் சின்ன மாத்திரை. அதோடு நரம்பு வீக்கம் வற்ற இன்னொன்று. அதைத் தின்றதும் முகம் பூரி போல உப்பியது, எந்நேரமும் பசித்தது. அக்கம்பக்கத்தில் "இன்னா குணா, கல்யாண மாப்ள மாதிரி ஆய்ட்ட" என்றார்கள். கடைக்கு லீவு. நரம்பு வீக்கம் என்றுதான் அஜீஸ் பாயிடம் சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை.

தினமும் பாதத்தின் அடியைக் காயத்துக்காகப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஆரம்பத்தில் மல்லிகா டார்ச்சை அடித்துக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பாள். "திருப்புங்க, இந்தப் பக்கம்" என்பாள். எப்போது என்று தெரியாமல் ஒரு நாள் அவள் கை என் குதிகாலைப் பிடித்திருந்தது. என் தனித் தட்டும் ஒரு நாள் மற்றத் தட்டுகளோடு கலந்து கிடந்தது. யார் கலந்தது என்று நான் கேட்கவில்லை.

வீக்கம் வற்றத் தொடங்கியதும் மறுபடி பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார் டாக்டரம்மா. எனக்குப் போக மனமில்லை. சீட்டில் நோயின் பெயர் எழுதியிருந்தது. அந்த அறையின் உதவியாள் சீட்டைப் படித்துவிட்டு, மற்றவர்கள் போன பிறகு வரச் சொன்னான். காத்திருந்தேன். அறை காலியானது. கட்டிலில் பிளாஸ்டிக் ஷீட் விரித்திருந்தார்கள், முன்பு அப்படி விரித்ததில்லை.

சுமித்ரா மேடம் வந்தார். ஷீட்டைப் பார்த்தார். சுருட்டி மூலையில் போட்டார். இனி எல்லோரும் இருக்கிற நேரத்திலேயே வரலாம் என்றார். ஸ்டூலில் உட்கார்ந்தார், ஆனால் உடனே காலைத் தொடவில்லை.

"ஒண்ணு சொல்லணும் குணசீலன். அன்னிக்கு உங்களை மேல அனுப்பிட்டு வீட்டுக்குப் போனேன். ரெண்டு தடவை குளிச்சேன். எனக்கு ஒன்றரை வயசுப் பையன் இருக்கான். அவன் கை நீட்டி அழுதான். நான் தூக்கல. படிச்சவதான் நான், புஸ்தகத்தில எல்லாம் எழுதியிருக்கு, தெரியும். ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கல." ஸ்டூலைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். "மறுநாள் டாக்டர் அம்மாகிட்ட போய் உக்கார்ந்து எல்லாம் கேட்டேன். அப்புறம்தான் அவனைத் தூக்கினேன்."

"நானும் என் பொண்ணைத் தூக்கல மேடம்" என்றேன்.

அவர் துண்டை மடியில் விரித்தார். என் காலை எடுத்து வைத்துக்கொண்டார். வெறும் கை. கை சில்லென்று இருந்தது என்பது கணுக்கால்வரை தெரிந்தது. அதற்குக் கீழே தெரியவில்லை.

இந்த முறை இழுப்பு இல்லை. நீரில் ஊறவைத்த பாதத்தில் எண்ணெய் தடவித் தோலை மென்மையாக்கினார். விரல்கள் கொக்கி போல மடங்கிவிடாமல் இருக்க ஒவ்வொரு கணுவையும் நீட்டி நீட்டி விட்டார். பாதத்துக்குள்ளே இருக்கும் சின்னத் தசைகளுக்கு வேலை கொடுக்க, விரல்களை விசிறி போல விரிக்கச் சொன்னார். மூளையிலிருந்து எவ்வளவு கட்டளை போட்டாலும் விரல்கள் அசையாது. அவரே விரித்துக் காட்டுவார். "இப்படி. ஞாபகம் வச்சுக்கோங்க. காலுக்கு மறந்துபோச்சு, நீங்க மறக்கவேணாம்" என்பார். ஒவ்வொரு முறையும் முடிவில் பேனா முனையால் தொடுவார். கண்ணை மூடிக்கொண்டு இருட்டுக்குள் காத்திருப்பேன். ஒன்றும் வராது. அவர் பேனாவை மூடும் சத்தம் வரும். வாரக்கணக்கில் அந்தச் சத்தம்தான்.

ஒரு நாள் கண்ணை மூடியிருந்தபோது பெருவிரலுக்குக் கீழே சுருக்கென்றது.

"வலிக்குது!" என்று கத்தினேன். "மேடம், வலிக்குது!"

கம்பிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்த பெரியவர் பயந்துபோய்த் திரும்பினார். மேடம் மறுபடி குத்தினார். மறுபடி வலித்தது. இருவரும் சிரித்தோம்.

மாத்திரை முடிந்தபோது பாதத்தின் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தது. கடைசி இரண்டு விரலும் அதன் அடிப்பக்கமும் வரவில்லை. இனி வராது என்றார்கள். எரிச்சல் போய்விட்டது, அந்த ஷாக்கும் போய்விட்டது. வலி இல்லாத அந்த இடத்தை நான் இப்போது தினமும் கண்ணால் பார்த்துக் காவல் காக்கிறேன்.

கடைக்குத் திரும்பினேன். குத்துக்காலிடக் கூடாது என்று தாழ்ந்த முக்காலி ஒன்று போட்டுக்கொண்டேன். சில மாதம் கழித்து ஒரு பேங்க் ஆபீசர் மாதிரி இருந்தவர் ஷூ வாங்க வந்தார். சாக்ஸைக் கழற்றினேன். குதிகாலுக்குப் பக்கத்தில் பழைய ஷூ கடித்துக் கொப்புளம் உடைந்து சதை தெரிந்தது.

"சார், இந்தப் புண் வலிக்கலையா?"

"எந்தப் புண்?" என்றார்.

அவர் பேன்ட்டின் ஓரத்துக்கு மேலே தோலில் ஒரு வெளுப்பின் விளிம்பு தெரிந்தது, அல்லது எனக்குத் தெரிந்ததாகப் பட்டது. மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி, ஒரு தடவை தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள் சார் என்றேன். சர்க்கரையும் பாருங்கள் என்றேன். அவர் முகம் சிவந்தது.

"செருப்பு விக்கறவன் செருப்பை மட்டும் பேசு."

சாக்ஸைக்கூட மாட்டாமல் பழைய ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டு போய்விட்டார். அவர் யாரிடமாவது காட்டினாரா என்று தெரியாது. அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

அஜீஸ் பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "இன்னாத்துக்கு அந்த ஆளு கோவிச்சுக்கினு போறான்? இன்னா சொன்னே நீ?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். சைஸ் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சதையைப் பார்த்து, 'எந்தப் புண்' என்று அவர் கேட்டதையும் கேட்ட பிறகு என்னால் முடியவில்லை. எனக்கு வந்தது என்ன என்பதைப் பெயர் சொல்லிச் சொன்னேன். மருந்து முடிந்துவிட்டது, யாருக்கும் ஒட்டாது என்றும் சொன்னேன். சொல்லும்போதே என் காதுக்கு அது கெஞ்சல் மாதிரி கேட்டது.

பாய் என் கைகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "யா அல்லா" என்றார். வாசலுக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். கடைக்குள் இருட்டு விழுந்தது. நான் முக்காலியிலிருந்து எழுந்து என் சாப்பாட்டு டப்பாவைத் தேடினேன். அவர் எதுவும் சொல்வதற்கு முன் நானே போய்விடுவது நல்லது என்று தோன்றியது.

திரும்பிப் பார்த்தபோது பாய் வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குனிந்து தன் இடது காலின் சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ரொம்ப நாளா இங்க மதமதன்னு கீது குணா" என்றார். முன்பாதத்தைக் காட்டினார். "ராத்திரில எரியுது. கல்லு மேல நிக்கறாப்ல கீது. வீட்ல சொல்லல. சொன்னா பயந்துக்குவாங்க."

நான் முக்காலியில் உட்கார்ந்தேன். கையை நீட்டினேன். பாதியில் கை நின்றுவிட்டது.

"தொடு" என்றார். "தொட்டுப் பாத்து சொல்லு."

தொட்டேன். கணுக்காலுக்குப் பின்னால் விரலை வைத்துத் தேடினேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எது நரம்பு, எது தசைநார் என்று கண்டுபிடிக்க நான் சுமித்ரா மேடம் இல்லை. "நான் டாக்டர் இல்ல பாய். நாளைக்கு உங்களைக் கூட்டிக்கினு போறேன்" என்றேன்.

மறுநாள் அதே ஆஸ்பத்திரி, அதே நீள பெஞ்ச். அவருக்கு இருந்தது சர்க்கரை என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று காலையில் எங்கள் இருவருக்கும் அது தெரியாது. பாய் எதிர்ச் சுவரில் இருந்த போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கன்னடம் நன்றாகப் படிக்க வரும். அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். பிறகு என் கையைப் பிடித்து அதில் பாரம் போட்டு எழுந்தார். கதவு திறந்து, உள்ளே போய், டாக்டரம்மா உட்காரச் சொல்லும்வரை அந்தப் பிடியை அவர் விடவில்லை.